கரிக்கட்டம்

சிம்பாங் ரெங்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சிறைச்சாலைதான் ஞாபகம் வரும். எனக்கு ரப்பர்த் தோட்டத்து லயத்துத் திண்ணை சிமெண்டில் கரியால் போட்ட தாயக்கட்டம்.

ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், சயாமில் ரயில் பாதை போட என் தாத்தாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படிப் போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். அந்த அக்டோபரிலேயே பாதை முடிந்துவிட்டது. தாத்தா வரவில்லை, செத்தார் என்ற தகவலும் வரவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று பாட்டிக்குத் தெரியவில்லை. விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார், நிரையில் பால் மரம் வெட்டுவார், ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

இதற்குத் தோட்டத்தில் இரண்டே பெயர்கள். ஒன்று பேய், பூசாரி வேப்பிலை அடித்துப் பார்த்தார். இன்னொன்று தம்போய். ஜொகூர் பாருவில் 1930களில் எழுந்த மனநல மருத்துவமனை அங்கேதான். பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் எப்படியோ, எங்கள் பக்கம் தம்போய் அப்படி: ஊர்ப்பெயரே வசவு. அங்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தே பலர் வாயை மூடிக்கொண்டார்கள்.

போர் முடிந்த பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிழவி வந்து, "ஒரு கை குறையுது, வந்து உக்காரு ஆத்தா" என்று பாட்டியை இழுத்துப்போனாளாம். அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறுதல் சொல்ல வந்தவர்களையெல்லாம் பாட்டி விரட்டியிருக்கிறார். ஆட ஆள் கேட்டு வந்தவளை விரட்ட முடியவில்லை.

நாலு புளியங்கொட்டை, ஒரு பக்கம் சிமெண்டில் தேய்த்து வெள்ளையாக்கியது. தாயம் விழாமல் காய் இறங்காது. பாட்டிக்கு முதல் நாள் விழவேயில்லை. அதனால் மறுநாளும் போக வேண்டியதாயிற்று. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கிழவியின் காய் பழுக்கப்போகிற நேரத்தில், "வெட்டு!" என்று கத்தினாராம். பல மாதம் கழித்து வீட்டார் கேட்ட குரல் அது.

1948இல் அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி, இருட்டினால் ஊரடங்கு. மாலைப்பொழுது நீண்டுபோனதில் கட்டங்கள் பெருகின. எப்போதாவது தகவல் இலாகாவின் வேன் வந்து வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டும். பிரசாரப் படம்தான், கூட்டத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகள் ரப்பர்க் கொட்டையில் பல்லாங்குழி ஆடின. மலாய்க்காரர்களின் சொங்காக்கும் அதற்குப் பங்காளிதான். ஆம்பிளைகளுக்குக் கள்ளுக்கடையும் காசு வைத்த சீட்டும். அதை நான் மருந்துக் கணக்கில் சேர்க்கமாட்டேன். எத்தனை வீட்டுச் சம்பளத்தை அது தின்றது!

பாட்டி குணமாகிவிட்டார் என்றும் சொல்லமாட்டேன். கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. நான் அவர் பக்கத்தில் படுத்த இரவுகளில் விசும்பல் கேட்கும். இன்றைக்கென்றால் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருப்பேன். சாயங்காலம் தாயமும் ஆடியிருப்பேன்.

லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. எங்கள் லயத்தில் புளியங்கொட்டை நாலும் கறுப்பாக விழுந்தால் எட்டு. அடுத்த தோட்டத்தில் வேறு கணக்கு என்று சண்டை வரும். உங்கள் வீட்டில் தோட்டத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் கணக்கு என்னவென்று கேட்டு எழுதிவையுங்கள்.