ஒரு கையின் விலை

போரில் அங்கமிழந்த வீரனுக்கு ஆயுள் முழுவதும் அரைச் சம்பளம் தருவதாக அமெரிக்கக் காங்கிரஸ் 1776 ஆகஸ்டில் வாக்களித்தது. பணம் கொடுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டதால் பலர் காத்துக் கிடந்தனர் என்பது வேறு கதை.

நமது மலையகத்துக்கு வருவோம். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் கொழுந்து உருட்டும் இயந்திரத்துக்குக் கையைக் கொடுத்த தொழிலாளி எந்தப் படையிலும் சேர்ந்தவனல்லன். 1867இல் இலங்கையில் தேயிலைத் தோட்டம் தோன்றியது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமோ 1934இல்தான் பிறந்தது. அதன் அட்டவணையை நாம் பார்க்கிறோம்: கைக்கு இத்தனை வீதம், கண்ணுக்கு இத்தனை, பெருவிரலுக்கு இத்தனை. கசாப்புக் கடையிலும் இவ்வளவு நுணுக்கம் இராது! நிரந்தர ஊனத்துக்குக் கிடைத்ததோ ஒரே தடவை ஒரு தொகை. அது கடைக்கடனுக்குப் போதும், எஞ்சிய ஆயுளுக்கு? லயத்துக் காம்பராவும் வேலையோடு கட்டுண்டது. 1958இல் வந்த சேமலாப நிதியும் சேமிப்பைத் திருப்பித் தந்ததேயன்றி, ஊனமுற்றவனுக்கு மாதச் சம்பளத்தில் பாதியைக்கூட உறுதி செய்யவில்லை.