அன்றாடப் பழக்கங்களும் உடல்நலமும்: பருத்திப்பட்டு

அன்றாடப் பழக்கம் என்பது யோசிக்காமலே கைகால் செய்துவிடும் காரியம். கண் விழித்ததும் தலையணைக்கு அடியில் செல்போனைத் துழாவுவது, தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியை எடுப்பது, டி.வி. முன்னால் உட்கார்ந்து ராத்திரிச் சோறு சாப்பிடுவது எல்லாம் இதில் அடங்கும். ஒரு நாளைக்கு இவற்றால் எந்தக் கேடும் தெரியாது. பத்து இருபது ஆண்டில் சுகராகவும் பிரஷராகவும், தூக்கமின்மையாகவும், காரணம் தெரியாத எரிச்சலாகவும் வந்து நிற்கின்றன. திருவள்ளூர் மாவட்டம் ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த பருத்திப்பட்டு, இந்தப் பழக்கங்கள் எப்படி வந்தன, எப்படி மாறக்கூடும் என்ற இரண்டையும் காட்டும் ஊர்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் நெடுஞ்சாலையில், கூவம் ஆற்றுக்கு அருகே இருக்கிறது இந்த ஊர். ஆற்றில் அணைக்கட்டும் ஊருக்குள் பெரிய ஏரியும் உண்டு. வட்டாரத்தின் நடையை மாற்றியவை தொழிற்சாலைகள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கியது; அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. அந்தத் தலைமுறைக்கு வேலையே உடற்பயிற்சி. ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போய், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, மிதித்தே வீடு திரும்பினார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். போக வர பைக், ஆட்டோ, ஏ.சி. கார். வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்திருக்கிறது. தட்டில் சோற்றின் அளவு மட்டும் அப்பா காலத்து அளவே.

உட்கார்ந்தே இருப்பது உடலை என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வு ஒரு பேருந்தில் பிறந்தது. லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் ஒப்பிட்டு, 1953இல் முடிவை வெளியிட்டார். ஒரே சம்பள வகுப்பு, ஒரே வண்டி. ஆனால் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கினார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாகவே வந்தது.

நம் ஊர் எண்கள் இன்னும் கவலை தருபவை. சென்னை நகரத்தில் பெரியவர்களிடையே நீரிழிவு 1989இல் 8.3 சதவீதம், 2003-04இல் 14.3 சதவீதம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது; தமிழ்நாட்டில் அந்த விகிதம் 14.4 சதவீதம்.

இதற்கெல்லாம் சோம்பேறித்தனமே காரணம் என்று நோயாளியைக் குற்றம் சொல்லுவது எளிது. அது தவறு என்பதற்குச் சான்று பருத்திப்பட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1996 வாக்கில் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை ஆராய்ந்தனர். ஒன்று திருமங்கலத்தில் உள்ள ஏசியாட் காலனி, நடுத்தர வருமானக்காரர்கள் வாழுமிடம். மற்றொன்று தி.நகர் பாரதி நகர், குறைந்த வருமானக்காரர்கள் வாழுமிடம். நடுத்தரக் குடியிருப்பில் நீரிழிவு 12.4 சதவீதம், மற்றதில் 6.5. முடிவைக் கேட்ட ஏசியாட் காலனிக்காரர்கள் நடக்க இடம் வேண்டும் என்று தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். முன்பு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் ஏதாவது உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம், ஏழாண்டு கழித்து அது 58.7 சதவீதம். அறிவுரையோடு இடமும் கிடைத்ததும் பாதிப்பேருக்கு மேல் நடக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது நடுத்தரக் குடியிருப்பில் நீரிழிவு 15.4 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஆனால் பாரதி நகரிலோ 6.5இலிருந்து 15.3 ஆகத் தாவியிருந்தது. பணக்காரர் நோய் என்ற பெயர் அத்தோடு போயிற்று.

அந்தப் பூங்கா செய்த வேலையைப் பருத்திப்பட்டில் ஏரிக்கரை செய்கிறது. கழிவுநீர் கலந்து, ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்த சுமார் 87 ஏக்கர் ஏரி, ஏறத்தாழ 28 கோடி ரூபாயில் சீரமைக்கப்பட்டு 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நடைபாதை, படகுச் சவாரி, பறவைகளுக்கான இடம் என்று அமைந்தது. விடியற்காலையில் கரையில் வாக்கிங் வருகிறவர்களைப் பார்த்தால் பழக்கம் எப்படிப் பிடிக்கிறது என்பது புரியும். சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அம்மாக்கள், கை வீசி நடக்கும் ஓய்வுபெற்றவர்கள், ஒருநாள் வராதவரை மறுநாள் "என்ன நேத்து காணோம்?" என்று விசாரிக்கும் நண்பர்கள். அந்தக் கேள்விக்கு மாத்திரைச் சீட்டை விட வலு அதிகம்.

பழக்கம் வேர் பிடிக்க 21 நாள் போதும் என்று பரவியிருக்கும் கணக்குக்கு ஆதாரம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை கணித்தார்கள். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டவர் தோற்றுப்போனவர் அல்லர், இன்னும் வழியில் இருப்பவர். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பு. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி.

செல்போன் வேறு வகைப் பழக்கம். அடுத்த ரீல்ஸ் பிடிக்குமா பிடிக்காதா என்பது தெரியாததே விரலைத் தள்ளவைக்கிறது. எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத பரிசே ஆளை அதிகம் கட்டிப்போடும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் புறாச் சோதனைகள் காட்டின. படுக்கையில் பார்க்கும் திரை வெளிச்சம் தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கிறது. பெரும் பாதிப்பு மறுநாள்தான் தெரியும்: சிறு விஷயத்துக்குப் பிள்ளையைக் கடிந்துகொள்வது, பாடத்தில் கவனம் நில்லாமை, பசி இல்லாமலே நொறுக்குத்தீனி தேடுவது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை தொழில்நுட்பப் பழக்கத்துக்கெனத் தனி மருத்துவப் பிரிவையே 2014இல் தொடங்கியது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் 2022 முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

தமிழ்நாடு அரசும் இவற்றைக் கையில் எடுத்திருக்கிறது. 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2023 நவம்பரில் நடப்போம் நலம் பெறுவோம் திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. ஆனாலும் 2022 நிலவரப்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் போதிய உடலுழைப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. இந்த இடைவெளி ஏரிக்கரையிலேயே புரியும். சமையல், பிள்ளைகள், வேலை எல்லாம் முடிந்து ஒரு பெண்ணுக்கு அரை மணி கிடைப்பது பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குத்தான். அந்த நேரத்தில் நடைபாதையில் விளக்கு எரிகிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா, துணைக்கு நாலு பேர் நடக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் ஷூவை மாட்டுகிறார்.