பொய்ச் சுமையின் கதை

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்குச் செல்வோர் அல்லைப்பிட்டியைக் கடந்து செல்வர். மின்கம்பிகளும் அவர்களுக்குத் துணையாக வரும். ஆயின் நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கும் இவ்வழிக்கும் இடையே கடல் கிடக்கிறது. தேசிய மின்தொடர் எட்டாத அத்தீவுகளுக்குப் பல்லாண்டுகளாக டீசல் மின்பிறப்பாக்கிகளே ஒளி தந்தன.

தனித்து நிற்கும் மின்சாரத்தின் துன்பத்தைக் குடாநாடு நன்கு அறியும். 1990இல் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றபின், சைக்கிளின் டைனமோவைச் சுழற்றியே பலர் வானொலி கேட்டனர். மிதிப்பவரின் கால் தளர்ந்தால் செய்தியும் தளர்ந்தது. சுமைக்கும் அதைச் சுமப்பதற்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கற்பித்திராது.

பெரிய மின்தொடரில் ஒரு வீட்டின் மாற்றம் தெரிவதில்லை. சுழன்றுகொண்டிருக்கும் கனத்த இயந்திரங்கள் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. பற்றரியிலுள்ள நேரோட்ட மின்சாரத்தை ஆடலோட்டமாக்கும் கொன்வேட்டருக்கோ அத்தகைய கனம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது வேண்டியதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கக்கூடும். அக்கணத்தில் மின்னழுத்தம் எவ்வளவு தாழும், எவ்வளவு விரைவில் மீளும் என்பதை முன்கூட்டியே அறியவேண்டும். அறிவதற்கென ஒரு தீவையே இருளில் ஆழ்த்த முடியாது. ஆதலின் பொய்யான சுமையொன்று தேவைப்பட்டது.

இத்தேவை பழையது. 1882 செப்டெம்பர் 4ஆந் திகதி நியூயோர்க் பேர்ள் வீதியில் எடிசனின் மின்னிலையம் தொழிற்படத் தொடங்கியபோது ஏறக்குறைய 400 விளக்குகளே எரிந்தன. அந்தத் தலைமுறைப் பொறியியலாளர் புதிய இயந்திரத்தை ஊருக்கு ஒப்படைக்குமுன் விளக்குகளை வரிசையாக மாட்டியோ, உப்புநீர்த் தொட்டியில் இரும்புத் தகடுகளை இறக்கியோ சோதித்தனர். தகட்டை ஆழ இறக்கினால் சுமை கூடும், உயர்த்தினால் குறையும். தொட்டிநீர் கொதிக்கும், எவர் வீட்டு விளக்கும் அணையாது.

1929இல் அமெரிக்காவின் மாசாசூசெற்ஸ் தொழினுட்ப நிலையத்தில், மின்தொடர் முழுவதையும் சிற்றுருவாக்கி ஓர் அறைக்குள் அடக்கினர். 1969இல் ஹெர்மன் டொமல் கணநேர மின்மாற்றங்களைக் கணினியிலே கணிக்கும் முறையை வெளியிட்டார். 1973இல் பேர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்பைஸ் என்னும் நிரல் வெளிவந்தது. அதன்பின் உப்புநீருக்கும் இரும்புக்கும் வேலை குறைந்தது. இன்ன கணத்தில் தடையின் பெறுமானம் பாதியாகட்டும் என்று எழுதினாற் போதும், சுமை இரட்டித்துவிடும்.

இங்கேதான் பலர் ஏமாந்தனர். பழைய இழை விளக்கு பணிவான சுமை; மின்னழுத்தம் தாழ்ந்தால் தானும் குறைவாகவே உண்ணும். தடையும் அத்தகையதே. இன்றைய கைத்தொலைபேசி மின்னேற்றியோ, தனக்கு வேண்டிய வலுவைக் குறையாமற் பெறுவதற்காக, மின்னழுத்தம் தாழுந்தோறும் மேலதிக மின்னோட்டத்தை இழுக்கும். விழப்போகிறவன் தோளில் மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவது போன்றது இது. வெளியீட்டைச் சீராகப் பேணும் கொன்வேட்டரும் தனக்கு மின்தரும் பக்கத்துக்கு இத்தகைய சுமையாகவே தோன்றும் என்பதையும், அதனால் ஓயாத அலைவு எழக்கூடும் என்பதையும் 1976இல் கலிபோர்னியாத் தொழினுட்ப நிலையத்து ஆர். டி. மிடில்புரூக் கணித்துக் காட்டினார். வெறும் தடையைச் சுமையாக வைத்துத் தேறிய கருவி உண்மையான ஊரில் தடுமாறலாம் என்பது இதனாற் புலப்பட்டது.

2024 மார்ச்சில், இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையுடன் அம்மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சூரிய ஒளியிலிருந்து 1,700 கிலோவாற்று, காற்றிலிருந்து 530 கிலோவாற்று, பற்றரிச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி, காவலுக்கு 2,500 கிலோவாற்று டீசல் என்பது அதன் அளவு. இத்தகைய திட்டத்துக்குச் சுமையை வகுப்பவர் சாதாரண நாளின் மாலையோடு நின்றுவிடலாகாது. ஆனி மாதத்தில் நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குப் படகு படகாக அடியார் வந்திறங்கும் இரவையும், அலங்கார விளக்குகள் யாவும் ஒருமிக்க எரியத் தொடங்கும் அந்தக் கணத்தையும் அவர் கணக்கில் எழுதிவைத்தல் வேண்டும்.