வலது கையின் சொல்

ஆங்கிலத்தில் 'அட்ரோயிட்' என்றொரு பெயரடை உண்டு. கைத்திறனும் சமயோசிதமும் உள்ளவரைக் குறிப்பது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிரெஞ்சில் 'ஆ துருவா' என்றால் நேராக, முறைப்படி என்று பொருள். 'துருவா'வின் மூலம், நேரானது என்று பொருள்படும் 'டிரெக்டுஸ்' என்ற இலத்தீன் சொல். அதுவே பின்னர் வலது பக்கத்துக்கும் பெயராயிற்று. சட்டத்துக்கும் உரிமைக்கும் அதே பெயர்தான். 1789இன் மனித உரிமைப் பிரகடனத்தில் இருப்பதும், நாம் வரிசையில் நின்று கேட்ட 'துருவா தசீல்' என்னும் தஞ்ச உரிமையில் இருப்பதும் இந்தச் சொல்லே.

நேர், வலது, சட்டம், உரிமை, திறமை எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். இடது கைக்கு என்ன மிச்சம்? பிரெஞ்சில் இடதைக் குறிக்கும் 'கோஷ்' ஆங்கிலத்தில் நயம் தெரியாதவரைக் குறிக்கிறது. இலத்தீனில் இடதைக் குறித்த 'சினிஸ்டர்' ஆங்கிலத்தில் தீமையின் சாயல் பெற்றது. திறமைக்கான இன்னொரு ஆங்கிலச் சொல்லான 'டெக்ஸ்டரஸ்' இலத்தீனின் வலது கையிலிருந்து பிறந்தது.

நாமும் சளைத்தவர்களல்லர். நமது மொழியில் வலம் என்றால் வலிமையும் வெற்றியும்கூட. இடக்கு என்றால் முரண்டு. சோத்துக்கை, பீச்சாங்கை என்று கைகளுக்கே சாதி வைத்தோம். ஆனால் நமது 'உரிமை' எந்தக் கையிலிருந்தும் பிறக்கவில்லை. ஒருவருக்கு உரியது எதுவோ அதுவே உரிமை.

இங்கே உணவகங்களில் கோப்பை கழுவும் நமக்கு முதலில் பழகிப்போகும் பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று 'மலதுருவா'. கைத்திறன் அற்றவர் என்று பொருள். ஒரு தட்டு நழுவினால் அது காதில் விழும். இரவு முழுவதும் நூற்றுக்கணக்கான தட்டுகளை உடையாமல் கழுவி அடுக்கிய கையைப் பார்த்து 'அதுருவா' என்று யாரும் சொல்வதில்லை. அந்த வேலைக்குத் திறமை வேண்டாம் என்பதே பொது முடிவு.

சட்டமும் இப்படித்தான் பிரித்தது. 2006இல் பிரெஞ்சு அரசு 'ஆற்றல்களும் திறமைகளும்' என்ற பெயரில் வெளிநாட்டவருக்கு ஒரு வதிவிட அட்டையை உருவாக்கியது. 2016இல் அதன் இடத்துக்குத் 'திறமைக் கடவுச்சீட்டு' வந்தது. அவை கோப்பை கழுவும் கைகளை எண்ணிச் செய்யப்பட்டவையல்ல.

1793ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியலமைப்பு நடைமுறைக்கு வராமலே போயிற்று. ஆனாலும் சுதந்திரத்துக்காகத் தாய்நாட்டிலிருந்து துரத்தப்பட்ட அந்நியருக்குத் தஞ்சம் தருவதாக அதில் எழுதியிருந்தார்கள். வருபவருக்கு என்ன வேலை தெரியும் என்று அந்த வரி கேட்கவில்லை. சொல்லின் வேரில் திறமையும் உரிமையும் ஒன்றாக இருக்கலாம். தஞ்சம் கேட்டு நிற்பவரிடம் இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. திறமைசாலிக்கு அழைப்பு வரும். தஞ்சம், அழைப்பு வராதவருக்கும் உரியது.