தரவு மையங்களுக்கிடையேயான பிணையப் போக்குவரத்து

தொலைவில் உள்ள தரவு மையங்கள் தமக்குள் பரிமாறும் தகவல் தடைபடாமல் சென்றுசேர வழிசெய்யும் தொழில்நுட்பம். தமிழக அரசின் தரவு மையம் சென்னையிலும், அது முடங்கினால் கைகொடுக்கும் பேரிடர் மீட்பு மையம் திருச்சி நவல்பட்டு எல்காட் வளாகத்திலும் உள்ளன. திட்டக்குடி போன்ற வட்டங்களின் அரசு அலுவலகங்கள் டான்ஸ்வான் என்னும் மாநிலப் பிணையத்தால் இணைக்கப்பட்டவை.

இரு மையங்களுக்கும் இடையே 300 கி.மீ.க்கு மேல் தொலைவு. ஒளி ஃபைபரில் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும் என்பதால், போய்வர 3 மில்லி நொடியாவது ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் எதிர்முனையின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தால் வேலை மிகுந்த தரவுத்தளம் மந்தமாகிவிடும். ஆகவே இவ்வளவு தொலைவில் நகலைச் சற்றுப் பின்தங்கி அனுப்புவதே வழக்கம். அந்த இடைவெளியில் சென்னை மையம் முடங்கினால் கடைசிச் சில பதிவுகள் இழப்புதான்.

நெரிசல் அடுத்த சிக்கல். பட்டா விண்ணப்பமும் இரவுநேர பேக்கப்பும் ஒரே கேபிளில் வந்தால் விண்ணப்பத்துக்கே முன்னுரிமை, பேக்கப் காத்திருக்கலாம். கூகுள் தன் மையங்களை இணைக்கும் பி4 பிணையத்தைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆய்வுரை இதை வெகுதூரம் கொண்டுசென்றது: போக்குவரத்தை மென்பொருளே மையமாக நின்று பங்கிட்டதால், வழக்கமாக 30–40 சதவீதமே பயன்படும் இணைப்புகளில் பல, முழுக் கொள்ளளவை நெருங்கி ஓடின.

இணைப்பு அறுந்ததை ரவுட்டர்கள் எவ்வளவு விரைவில் உணர்கின்றன என்பதும் முக்கியம். ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பரிமாறும் பிஜிபி நெறிமுறையின் பரிந்துரைக்கப்பட்ட காத்திருப்பு 90 நொடி. அறுந்ததைக் கண்டறியவே உள்ள பிஎஃப்டி நெறிமுறை சேர்ந்தால் அது மில்லி நொடிகளில் அடங்கும்; முன்பே குறித்துவைத்த மாற்றுப்பாதைக்கு எம்பிஎல்எஸ் தொழில்நுட்பம் சுமார் 50 மில்லி நொடியில் தாவும்.

ஆனால் மாற்றுப்பாதை உண்மையிலேயே வேறு பாதையா என்பதை எந்த நெறிமுறையும் சொல்லாது. சென்னை–திருச்சி கார்டு லைன் ரயில்பாதை பெண்ணாடம் வழியாகவும், தேசிய நெடுஞ்சாலை தொழுதூர் வழியாகவும் போகின்றன. இரண்டு ஊரும் திட்டக்குடி வட்டாரத்தில்தான். ரெயில்டெல் தண்டவாளத்தை ஒட்டி ஃபைபர் பதிக்கிறது. பிற நிறுவனங்கள் பெரும்பாலும் சாலையோரத்தில். ஜேசிபி ஒரு தடத்தை வெட்டினால் மற்றது தாங்கும். இரண்டும் கடந்தாக வேண்டிய வெள்ளாற்றில் பெருவெள்ளம் வந்தால் அந்த ஏற்பாடு போதாது. பெங்களூரு–சேலம் வழியாக ஒரு மூன்றாம் தடம் தேவைப்படும். சேவை நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ‘இரு தடங்கள்’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. கேபிள் செல்லும் வரைபடத்தையும் கேட்டு வாங்கியாக வேண்டும்.