லட்சுமணன் சிவராமகிருஷ்ணன்

லட்சுமணன் சிவராமகிருஷ்ணன் (பிறப்பு: 31 டிசம்பர் 1965, சென்னை) இந்திய அணியின் முன்னாள் லெக் ஸ்பின் பந்துவீச்சாளர், கிரிக்கெட் வர்ணனையாளர். 9 டெஸ்ட்களில் 26 விக்கெட்டுகளும், 16 ஒருநாள் ஆட்டங்களில் 15 விக்கெட்டுகளும் எடுத்தவர்.

இளமை

மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளிக்காக ஆடும்போதே கவனம் பெற்றார். 1981-82 ரஞ்சிக் கோப்பைக் காலிறுதியில், தம் முதல் ஆட்டத்திலேயே தில்லிக்கு எதிராக 28 ரன் கொடுத்து 7 விக்கெட் சாய்த்தபோது அவருக்கு வயது 16. 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்ட்டில் அறிமுகமானார். அந்நாளில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களில் அவரே மிக இளையவர். 1989இல் சச்சின் டெண்டுல்கர் அந்தச் சாதனையை முறியடித்தார்.

உச்சமும் சரிவும்

1984 நவம்பர் இறுதியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் தொடங்கிய டெஸ்ட்டில் இங்கிலாந்து மட்டையாளர்களால் அவருடைய கூக்ளியைக் கணிக்க முடியவில்லை. முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6 என 12 விக்கெட்டுகள் எடுத்தார். இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த தில்லி டெஸ்ட்டிலும் முதல் இன்னிங்ஸில் 99 ரன்னுக்கு 6 விக்கெட். ஆயினும் அந்த ஆட்டத்தையும் பின்னர் தொடரையும் இங்கிலாந்தே வென்றது.

1985 மார்ச்சில் மெல்போர்னில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், 48 ரன் எடுத்திருந்த பாகிஸ்தானின் ஜாவேத் மியான்தத் அவரது பந்தை இறங்கி அடிக்க முயன்றார். பந்து ஏமாற்றிச் செல்ல, விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்தார். கோப்பை இந்தியாவுக்குக் கிடைத்தது. ஆனால் அதன்பின் பந்தின் கட்டுப்பாடு தளர்ந்தது. 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடிய டெஸ்ட்டே கடைசியானது. அப்போது அவருக்கு 20 வயதுதான். 1987 உலகக் கோப்பை அணிக்கு மீண்டும் அழைக்கப்பட்டாலும், அந்த வாய்ப்பு நீடிக்கவில்லை.

வர்ணனை

2000ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் ஆங்கில வர்ணனையைத் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இப்பணி, சர்வதேச வீரராக அவர் இருந்த காலத்தைப் போலப் பல மடங்கு. சுழற்பந்தின் நுட்பங்களை விளக்குவது அவரது தனித்தன்மை. பந்துவீச்சாளரின் மணிக்கட்டு, பந்தைத் தூக்கி வீசும் உயரம், மட்டையாளரின் கால் நகர்வு ஆகியவற்றைப் பிரித்துச் சொல்வார்.

2013இல் ஐசிசி கிரிக்கெட் குழுவில் வீரர்களின் பிரதிநிதியாகத் தேர்வானார். அதுவரை அப்பொறுப்பில் இருந்த டிம் மேயை விலக்கி அவரைத் தேர்ந்தெடுத்த முறை குறித்து வீரர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு கேள்வி எழுப்பியது. தோல் நிறத்தின் பெயரால் வாழ்நாள் முழுவதும் பாகுபாட்டைச் சந்தித்ததாக 2021இல் அவர் பொதுவெளியில் பதிவுசெய்தார்.