இனக்குழு மாறியும் பழவேற்காட்டுப் பாடும்: ஒரு கலைச்சொல் வரலாறு

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ‘கிளாஸ்’ எனப்படுவதைத் தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிக் கணினி அறிவியல் பாடநூல் இனக்குழு என்றும், அதன்வழி உருவாவனவற்றைப் பொருள்கள் என்றும் குறிக்கிறது. ‘ஸ்டாட்டிக்’ என்னும் அடைமொழி ‘நிலையான’ எனப் பெயர்க்கப்படுவதுண்டு. முன்னது நன்கு பொருந்துகிறது. பின்னது மாணவரை வழிதவறச் செய்கிறது. ‘நிலையான மாறி’ தன்னுள்ளே முரணும் தொடர். அம்மாறியின் மதிப்பு மாறக்கூடியதே. அது தனியொரு பொருளுக்கு உரியதன்று, இனக்குழு முழுமைக்கும் உரியது என்பதே கருத்து.

இக்குழப்பம் தமிழில் தோன்றியதன்று. நார்வே கணிப்பு மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகியோர் உருவாக்கிய சிமுலா 67, இனக்குழுவைத் தந்தது. ஆனால் இனக்குழுவுக்கென்றே ஒரு மாறியைத் தரவில்லை. பொதுவானவற்றைச் சூழ்ந்துள்ள நிரல்தொகுதியில் அறிவிக்க வேண்டியிருந்தது. ஸ்மால்டாக், இனக்குழுவையே ஒரு பொருளாகக் கருதியது. ஸ்மால்டாக்-80 இனக்குழு ஒவ்வொன்றுக்கும் தனிச் செயற்கூறுகள் அமைய வழிசெய்தது. சி++ மொழியை வடிவமைத்த பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் புதுச்சொல் தேடாமல், சி மொழியின் ‘ஸ்டாட்டிக்’ என்பதையே எடுத்தாண்டார். சி மொழியில் அது, செயற்கூறு முடிந்த பின்னும் அழியாதிருக்கும் நினைவக இடத்தைக் குறித்த சொல். நினைவகம் பற்றிய சொல் உடைமை பற்றிய கருத்தைச் சுமக்க நேர்ந்தது இவ்வாறுதான். இனக்குழுவின் பெயரால் அழைக்கப்படும் செயற்கூறுகள் 1989இல் வெளிவந்த 2.0 பதிப்பில்தான் சி++ மொழியில் இடம்பெற்றன. அதற்குமுன் நிரலர் சிலர், இல்லாத பொருளொன்றைச் சுழியச் சுட்டியால் பாவனை செய்து அழைத்துவந்தனர்!

இவ்வுடைமைக் கருத்தை விளக்கத் தமிழாசிரியர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியின் பட்டினவர் குப்பங்கள் சிலவற்றில் பாடு என்னும் மீன்பிடி உரிமைமுறை உண்டு. படகும் வலையும் அவரவருடையவை. அவை பொருள் மாறிகள். மீன்பிடி இடங்களும் முறைவரிசையும் ஊருக்குரியவை; எவருக்கும் தனிப்படி இல்லை. தலைக்கட்டுப் பட்டியலில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் அனைவரின் முறையும் தள்ளிப்போகும். பொருள்களின் எண்ணிக்கையைக் காக்கும் மாறி என்னும் வழக்கமான பாடநூல் எடுத்துக்காட்டு இதுவே. சீட்டுப் போட்டு முறை வகுப்பது இனக்குழுச் செயற்கூற்றுக்கு நிகர்: அது பட்டியலை மட்டுமே நோக்கும், எவர் படகு பெரிது என்பதை அறியாது.

ஒப்புமைக்கு எல்லையுண்டு. பாட்டில் முறைவரிசையே மோதலைத் தவிர்க்கிறது. நிரலிலோ இரு இழைகள் ஒரே மாறியை ஒரே நேரத்தில் மாற்ற முயன்றால் அதைக் காக்கத் தனிப்பூட்டு வேண்டும். மேலும், அதே நீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பாட்டின் பட்டியலில் இல்லை. இனக்குழு மாறியும் தன் பொருள்களை மட்டுமே எண்ணும். அதன் எண்ணிக்கையை ஏரியின் எண்ணிக்கை எனக் கொள்வது பிழை.

‘நிலையான’ என்பதைவிட ‘இனக்குழு மாறி’, ‘இனக்குழுச் செயற்கூறு’ என்பனவே தகும். பைத்தான் மொழியில் இனக்குழு மாறியை அறிவிக்க ‘ஸ்டாட்டிக்’ என்னும் சொல்லே தேவையில்லை. இனக்குழுவின் உடலில் எழுதினால் போதும். ஆனால் ஒரு பொருளின் வழியே அம்மாறிக்குப் புதுமதிப்பு அளித்தால், அப்பொருளுக்குள் அதே பெயரில் தனிமாறி ஒன்று தோன்றும், பொதுவானது மாறாது. தன் வீட்டுச் சுவரில் முறைநாளைத் திருத்தி எழுதிக்கொள்பவரால் ஊர்ப்பட்டியல் திருந்துவதில்லை.